வேட்டி முடிச்சில் ஒளிந்திருந்த புற்று!

கோவளம் கடற்கரை.

பொழுது விடிந்ததும் கரைவலை இழுக்க ஆட்கள் கூடுகிறார்கள். கயிற்றைக் கையில் பிடிக்குமுன், ஒருவர் இடுப்புத் துணியை அவிழ்த்து உதறுகிறார். பிறகு இறுக்கிக் கட்டிக்கொள்கிறார். வலை இழுக்கும்போது துணி நழுவினால் வேலை கெடும் அல்லவா?

வேலை முடிந்து குளிக்கும்போது பார்த்தால், அவர் இடுப்பைச் சுற்றி ஒரு வரி தெரியும். துணி அழுத்திய தடம் அது. சில பேருக்கு அந்த இடம் கறுத்துப்போய் இருக்கும். சில பேருக்குத் தோல் தடித்திருக்கும். யாரும் அதைப் பெரிதாக எண்ணுவதில்லை.

அந்தத் தடத்தைப் பெரிதாக எண்ணிய டாக்டர் ஒருவர் இருந்தார். அவர் பம்பாயில் வாழ்ந்தார். நோயாளிகளின் இடுப்பிலிருந்து சிறு தோல் துணுக்கை எடுத்து, மைக்ராஸ்கோப் என்னும் பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தார். அங்கே எமன் ஒளிந்திருப்பதைக் கண்டார்.

அவர் பெயர் வசந்த் ராம்ஜி கானோல்கர். இந்திய நோய்க்கூறு இயலின் தந்தை என்று மருத்துவ உலகம் போற்றும் மேதை அவர்தான்.

லண்டனில் படிப்பு

கானோல்கர் 1895-ம் ஆண்டு பிறந்தார். மருத்துவம் படிக்க லண்டன் சென்றார். அங்கே 1923-ல், நோய்க்கூறு இயலில் எம்.டி. பட்டம் பெற்றார்.

நோய்க்கூறு இயல் என்றால் என்ன? ஆங்கிலம் படித்தவர்கள் அதை ‘பேத்தாலஜி’ என்பார்கள். நோய் வந்த உடம்பில் என்னென்ன மாறுகிறது, ஏன் மாறுகிறது என்று ஆராய்வதே அந்தப் படிப்பு.

லண்டன் பட்டம் பெற்ற டாக்டர் என்றால், அந்தக் காலத்தில் பம்பாயில் பணம் குவிக்கலாம். பெரிய இடத்து நோயாளிகள் தேடி வருவார்கள். ஆனால் நோய்க்கூறு இயலில் அந்த வருமானம் இல்லை, புகழும் இல்லை. நோயாளிக்கு அந்த டாக்டரின் முகமே தெரியாது. மருந்து கொடுப்பவர் ஒருவர். கத்தி வைப்பவர் ஒருவர். எந்த நோய் என்று பின்னால் இருந்து சொல்பவர் இவர்.

கானோல்கர் இந்த வேலையைத்தான் விரும்பி ஏற்றார். நாடு திரும்பியதும் பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியிலும், சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியிலும் ஆசிரியராக இருந்து மாணவர்களுக்கு இதைக் கற்றுக் கொடுத்தார்.

மெழுகும் மரச்சாயமும்

ஒரு கட்டி நல்லதா, கெட்டதா? வெளியில் இருந்து பார்த்து அதைச் சொல்லிவிட முடியாது. தொட்டுப் பார்த்தும் உறுதியாகச் சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் உயிரணுக்களைப் பார்த்தால்தான் தெரியும்.

அதற்கு ஒரு முறை உண்டு. கட்டியிலிருந்து துளி சதையை வெட்டி எடுப்பார்கள். அது கெட்டுப்போகாமல் இருக்க பார்மலின் திரவத்தில் போடுவார்கள். பிறகு அதில் உள்ள நீரை நீக்கி, உருக்கிய மெழுகை ஏற்றுவார்கள். மெழுகு ஆறியதும், சதைத் துணுக்கு மெழுகுக் கட்டிக்குள் பதிந்து நிற்கும்.

அடுத்து அதைச் சீவவேண்டும். அதற்கென்றே மைக்ரோடோம் என்ற கருவி இருக்கிறது. வாழைக்காய் சீவுவதுபோல மெல்லிய ஏடுகளாக அது சீவித் தள்ளும். எவ்வளவு மெல்லிசு தெரியுமா? ஒரு மில்லி மீட்டரை 200 பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு! தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

இந்த ஏட்டைக் கண்ணாடிச் சில்லில் ஒட்டி, சாயம் ஏற்றுவார்கள். ஒரு சாயம் மத்திய அமெரிக்காவில் வளரும் ஒரு மரத்தின் கட்டையிலிருந்து வருவது. அது உயிரணுவின் நடுவே உள்ள கருவை நீலமாக்கும். இன்னொரு சாயம் மற்றப் பகுதியைச் சிவப்பாக்கும். அதன் பிறகே பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்ப்பார்கள்.

நல்ல தோல் ஓர் அழகான மதில் சுவர்போலத் தெரியும். அடி வரிசையில் உள்ள அணுக்கள் பெருகும். பெருகியவை மெல்ல மேலே ஏறும். ஏற ஏறத் தட்டையாகி, கடைசியில் அழுக்கோடு உதிர்ந்துவிடும். ஒவ்வொன்றும் வரிசை தப்பாமல் நிற்கும்.

புற்று வந்தால் வரிசை குலையும். கரு பெருத்துக் கறுக்கும். ஒன்றுபோல் ஒன்று இராது. மேலே ஏறவேண்டிய அணுக்கள், அடித்தளத்தை உடைத்துக்கொண்டு கீழே இறங்கும். சில இடங்களில் வெங்காயத் தோல்போல ஒன்றை ஒன்று சுற்றி, சிறு முத்துபோலத் திரளும். அந்த முத்தைப் பார்த்ததும் பழகிய டாக்டருக்கு நெஞ்சு பதைக்கும். அது தோல் புற்றின் அடையாளம்!

டாட்டா ஆஸ்பத்திரி

1941-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி, பம்பாயில் டாட்டா நினைவு ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. சர் தோராப்ஜி டாட்டாவின் மனைவி மெகர்பாய் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். அவர் நினைவாகவே டாட்டா அறக்கட்டளை இதைக் கட்டியது.

அங்கே பரிசோதனைச் சாலைகளுக்குத் தலைவரானார் கானோல்கர்.

அந்தக் காலத்தில் ஒரு தவறான நம்பிக்கை இருந்தது. புற்றுநோய் வெள்ளைக்காரர்களின் நோய். இந்தியர்களுக்கு அது அபூர்வம் என்று பல பேர் எண்ணினார்கள். அப்படி ஓர் எண்ணம் இருந்தால் என்ன ஆகும்? ஆஸ்பத்திரி கட்ட மாட்டார்கள். ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்க மாட்டார்கள். புற்று வந்த ஏழை, அது இன்ன நோய் என்றே தெரியாமல் செத்துப்போவான்.

கானோல்கர் வாதம் செய்துகொண்டிருக்கவில்லை. கணக்கெடுத்தார்.

வாயில் புற்று வந்தவர்கள் 1,000 பேரை வரிசையாக எடுத்துக்கொண்டார். யாரையும் தள்ளவில்லை, பொறுக்கி எடுக்கவும் இல்லை. 1944-ல் அந்தக் கணக்கை வெளியிட்டார். ஒரே நகரத்தில், ஒரே உறுப்பில், ஆயிரம் பேர்! இந்தியாவில் புற்று அபூர்வம் என்று இனி எவர் சொல்ல முடியும்?

நோயாளி எந்த ஊர், எந்தச் சமூகம், என்ன உண்கிறார், என்ன உடுக்கிறார், எதைப் புகைக்கிறார், எதை மெல்லுகிறார் என்பதையெல்லாம் அவர் கவனித்தார். கண்ணாடிச் சில்லில் தெரியும் அணுவுக்கும், அந்த மனிதனின் வீட்டுப் பழக்கத்துக்கும் தொடர்பு உண்டு என்பது அவர் கண்ட உண்மை.

வேட்டிப் புற்று

1945-ம் ஆண்டு, கானோல்கரும் அவருடன் பணியாற்றிய சூரியாபாயும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அமெரிக்க மருத்துவ ஏடு ஒன்றில் அது வெளிவந்தது. மக்களின் பழக்கத்தால் வரும் புதிய வகைப் புற்றுகள் இந்தியாவில் இருப்பதாக அந்தக் கட்டுரை உலகுக்கு அறிவித்தது.

அவற்றுள் ஒன்றுதான் ‘வேட்டிப் புற்று’.

வேட்டியைப் பல ஆண்டுகள் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டுகிறார் ஒருவர். துணி அங்கே உராய்கிறது. வெயிலில் வியர்வை சேர்கிறது. புழுதி படிகிறது. முதலில் அந்த இடம் நிறம் மாறும். பிறகு தோல் தடித்துச் செதில் உதிரும். பின்னர் புண்ணாகும். புண் ஆறும், மறுபடியும் வரும். கடைசியில் ஆறாமலே நின்றுவிடும்.

இப்படிப் புண்பட்ட இடத்தில், அணுக்கள் ஓயாமல் பெருகித் தோலைப் பழுது பார்க்கவேண்டி இருக்கிறது. இருபது, முப்பது ஆண்டுகள் இரவு பகலாக நடக்கும் அந்த வேலையில், ஏதோ ஒரு நாள் ஒரு தவறு நேர்கிறது. அந்தத் தவறே புற்றாக முளைக்கிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் அஞ்சவேண்டாம். வேட்டி கட்டும் கோடிக்கணக்கான பேரில், மிகச் சில பேருக்கே இந்தப் புற்று வருகிறது. அது ஓர் அபூர்வ நோய். பின்னாளில், பாவாடை நாடாவை இறுக்கிப் புடவை கட்டும் பெண்கள் சிலரிடமும் இதேபோன்ற புற்றைக் கண்டு, ‘புடவைப் புற்று’ என்று டாக்டர்கள் பெயரிட்டார்கள்.

அபூர்வ நோயை ஆராய்ந்து என்ன பயன் என்று கேட்கலாம். பெரும் பயன் உண்டு. துணி உராய்வதுபோன்ற சாதாரணக் காரணம்கூடப் புற்றை உண்டாக்கும் என்றால், புற்று விதியால் வருவது அல்ல. காரணம் இருக்கிறது. காரணம் இருந்தால் தடுக்கவும் வழி இருக்கிறது!

சிம்னியும் கணப்புச் சட்டியும்

இந்த உண்மைக்கு உலகில் வேறு சாட்சிகளும் உண்டு.

1775-ல், பெர்சிவல் பாட் என்ற லண்டன் டாக்டர் ஒன்றைக் கவனித்தார். புகைபோக்கிகளைத் துடைக்கும் வேலையில் இருந்தவர்களுக்கு, விதைப்பையின் தோலில் புற்று வந்தது. சிறு வயதிலிருந்து உடம்பில் படிந்த கரியே காரணம் என்று அவர் சொன்னார்.

1915-ல் ஜப்பானில் யாமகிவா, இச்சிகாவா என்ற இருவர், முயலின் காதில் மாதக் கணக்கில் தார் தடவினார்கள். முயலின் காதில் புற்று முளைத்தது!

நம் நாட்டிலேயே காஷ்மீரில் ஒன்று உண்டு. அங்கே குளிர் தாங்காமல், கங்கிரி என்ற கணப்புச் சட்டியை அங்கிக்குள் வைத்துக்கொள்வார்கள். அந்தச் சூடு பட்டுப் பட்டு, வயிற்றிலும் தொடையிலும் புற்று வருவது உண்டு. எல்ம்ஸ்லி என்ற டாக்டர் 1866-லேயே இதை எழுதி வைத்தார்.

கரி, தார், நெருப்பு ஆகியவற்றின் வரிசையில், ஒரு முழத் துணியும் சேரும் என்று காட்டியவர் கானோல்கர்.

செங்கல்பட்டுத் தொடர்பு

கானோல்கரின் கண் புற்றோடு நிற்கவில்லை. தொழுநோயையும் அவர் ஆராய்ந்தார்.

கோவளம் இருக்கும் செங்கல்பட்டுச் சீமைக்கு இதில் ஒரு பங்கு உண்டு. செங்கல்பட்டு நகரை ஒட்டிய திருமணியில், லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை இருந்தது. அங்கே 1930-களிலிருந்து பணியாற்றியவர் ராபர்ட் காக்ரேன் என்ற டாக்டர். தொழுநோயில் உலகப் புகழ் பெற்றவர். 1940-களில், சல்போன் என்ற புது மருந்தை அங்கே நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து நல்ல பலன் கண்டார். 1955-ல் அந்த மருத்துவமனையை மத்திய சர்க்கார் ஏற்று, தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக ஆக்கியது.

நோயாளியின் உடம்பைப் படித்தவர் காக்ரேன். தோலுக்குள் இருக்கும் அணுக்களைப் படித்தவர் கானோல்கர். தொழுநோய் பற்றிக் காக்ரேன் தொகுத்த பெரிய நூலில், அந்த நோய் உடம்புக்குள் செய்யும் மாற்றங்களை விளக்கும் பகுதியை எழுதியவர் கானோல்கர்தான்.

தோலில் உள்ள மெல்லிய நரம்பு இழைகளை அவர் கண்ணாடியின் கீழ் பார்த்தார். தொழுநோய்க் கிருமி மிகத் தொடக்கத்திலேயே அந்த இழைகளைப் பற்றுகிறது என்பதை வற்புறுத்தினார். தொழுநோய்த் தேமலில் உணர்ச்சி இல்லாமல் போவது ஏன் என்பது இதனால் விளங்குகிறது.

இன்னொன்றும் உண்டு. தொழுநோயிலும் தோலில் கட்டிகள் எழும்பும். புற்றுக் கட்டியா, தொழுநோய்க் கட்டியா, தீங்கு இல்லாத வேறு கட்டியா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது சில சமயம் கடினம். பிலிப்பைன்ஸ் நாட்டுக் குலியான் தீவில் தொழுநோயை ஆராய்ந்த வேட் என்ற டாக்டர், 1963-ல் அபூர்வமான ஒரு வகைக் கட்டியை விவரித்தார். சாதாரணத் தோல் கட்டி போலவே அது தோற்றம் அளிக்கும். பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் உள்ளே தொழுநோய்க் கிருமிகள் நெருக்கமாக அடுக்கி இருக்கும்!

ஒரு கட்டிக்குக் கத்தி வேண்டும். ஒரு கட்டிக்கு மாத்திரை போதும். இன்னொரு கட்டிக்கு ஒன்றுமே வேண்டாம். எதற்கு எது என்று தீர்ப்புச் சொல்வது அந்தக் கண்ணாடிச் சில்தான். தீர்ப்புத் தவறினால் ஒருவன் வீணாக உறுப்பை இழப்பான். அல்லது வீணாக உயிரை இழப்பான்.

பெண் விஞ்ஞானி

1952-ல் பம்பாயில் இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. அதை நிறுவித் தலைமை ஏற்றவர் கானோல்கர்.

அவரிடம் ஆராய்ச்சி பயின்றவர்களில் கமல் ரணதிவே என்ற பெண்மணி குறிப்பிடத் தக்கவர். 1917-ல் பூனாவில் பிறந்தவர். பெண்கள் பரிசோதனைச் சாலைக்குள் வருவதே அருமையாக இருந்த காலத்தில், 1949-ல் டாக்டர் பட்டம் பெற்றார். உடம்புக்கு வெளியே உயிரணுக்களைக் குப்பியில் வளர்க்கும் சாலையை உருவாக்கினார். 1982-ல் பத்ம பூஷண் பெற்றார். ஆணா பெண்ணா என்று பாராமல், திறமை உள்ளவருக்கு இடம் கொடுத்த ஆசான் கானோல்கர்.

அந்த நிலையத்தில் 1958-ல், தொழுநோயாளியின் கட்டியிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்து வளர்த்தார்கள். அது தொழுநோய்க் கிருமியேதானா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேற்றுமை எழுந்தது. ஆனாலும் பின்னாளில் அந்தக் கிருமியிலிருந்து தொழுநோய்க்குத் தடுப்பு மருந்து செய்து பார்த்தார்கள்.

அதே காலத்தில் சென்னையிலும் விளக்கு ஏற்றப்பட்டது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால், 1954-ல் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி பிறந்தது. கோவளம், மாமல்லபுரம் பக்கத்து ஏழை மக்களுக்கு, புற்றுநோய்க்குப் பம்பாய் வரை போகவேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

தேடி வந்த பெருமை

பெருமைகள் கானோல்கரைத் தேடி வந்தன. சர்க்கார் அவருக்குப் பத்ம பூஷண் விருது வழங்கியது. 1960 முதல் 1963 வரை பம்பாய்ப் பல்கலைக் கழகத்தின் துணை வேந்தராக இருந்தார். தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் என்ற பதவியும் கிடைத்தது.

1978-ம் ஆண்டு அக்டோபர் மாதம், 83-ம் வயதில் அவர் காலமானார்.

அவர் நிறுவிய நிலையம் 1966-ல் டாட்டா ஆஸ்பத்திரியுடன் இணைக்கப்பட்டது. இப்போது நவி மும்பையில் பெரிய ஆராய்ச்சி மையமாக அது வளர்ந்து நிற்கிறது.

அவர் கணக்கெடுத்த வாய்ப்புற்று பற்றிய உண்மை, பின்னாளில் உலக அளவில் உறுதியாயிற்று. புகையிலை சேர்த்த வெற்றிலை பாக்கு புற்றை உண்டாக்கும் என்று, உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1985-ல் அறிவித்தது. புகையிலை இல்லாத வெற்றிலை பாக்கும் தீங்கானதே என்று 2004-ல் சொல்லியது.

வீட்டில் செய்யவேண்டியது

கானோல்கரின் ஆராய்ச்சியிலிருந்து ஒவ்வொரு வீடும் கற்கவேண்டிய பாடம் எளிது.

வேட்டியோ, கைலியோ, பாவாடை நாடாவோ, இடுப்பை வெட்டும்படி இறுக்கக் கூடாது. தினமும் ஒரே தடத்தில் கட்டாமல், சற்று மேலே கீழே மாற்றிக் கட்டலாம். நாடாவுக்குப் பதில் அகலமான பட்டி இருந்தால் அழுத்தம் குறையும். குளிக்கும்போது இடுப்பைக் கழுவி, ஈரம் போகத் துடைக்கவேண்டும்.

இடுப்பில் தோல் நிறம் மாறித் தடித்தால் கவனிக்கவேண்டும். உடம்பில் எங்கேயாவது ஒரு புண், சில வாரங்கள் ஆகியும் ஆறாமல் இருந்தால், டாக்டரிடம் காட்டவேண்டும். பழைய தீப்புண் தழும்பில் புதிதாகப் புண் வந்தாலும் காட்டவேண்டும். டாக்டர் சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கவேண்டும் என்றால் பயப்படத் தேவை இல்லை. மரத்துப்போக ஊசி போட்டுத்தான் எடுப்பார்கள். சதையைக் கிள்ளினால் புற்று பரவும் என்ற பயம் வேண்டாம். தோல் புற்றைத் தொடக்கத்திலேயே கண்டு வெட்டி எடுத்துவிட்டால், பெரும்பாலும் குணமாகிவிடும்.

கோவளத்தில் நாளைக் காலையும் கரைவலை இழுப்பார்கள். இடுப்புத் துணியை உதறி மறுபடி கட்டிக்கொள்வார்கள். அப்போது விரல் நுழையும் அளவுக்குத் தளர்த்திக் கட்டினால் போதும். கானோல்கர் பல ஆண்டுகள் கண்ணாடியில் கண் பதித்துத் தேடியதன் பலன் அவர்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிடும்.